அல்சர் என்று நான் சொன்ன பொய்

ஏனுங்க என்று மட்டுமே நான் கூப்பிட்டுப் பழகிய என் அன்புக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் ஜீப்பை இப்போது நம் பிரபுதான் ஓட்டுகிறான். மாரமங்கலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் காப்பி மூட்டை ஏற்றிப் போகிறான். உங்களைப் போலவே முன்கோபம், உங்களைப் போலவே எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

போன வாரம் அவன் கைலியைத் துவைக்கும்போது பின்பக்கம் ரத்தக்கறை பார்த்தேன். கேட்டதற்கு, "என்ஜின் சூடும்மா. நாளெல்லாம் அது மேலதான உக்கோந்திருக்கறேன்? வெந்தயம் குடுங்க, சரியாயிரும்" என்றான்.

நீங்களும் அதையேதானே சொன்னீர்கள்? மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது வருவதுதான் என்று நானும் நம்பி, மோரில் வெந்தயம் போட்டு ஒரு வருடம் கொடுத்தேனே. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெருங்குடலில் தொடங்கிய புற்று ஈரல் வரை பரவியிருந்தது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

டாக்டர் அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புள்ளைங்களுக்கும் வரலாமுங்கம்மா. தொந்தரவு ஒண்ணும் இல்லீனாலும் குடலை டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க. சின்னதாச் சதை வளந்திருந்தா அப்பவே எடுத்துரலாம், புத்தா மாறாது" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நம் பெண் செல்விக்கு வெள்ளக்கடை ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. குடும்பத்தில் இந்த வியாதி என்று தெரிந்தால் பெண்ணெடுப்பார்களா? அல்சர் என்று ஊருக்குச் சொன்னேன். பிள்ளைகளிடமும் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் பேசாமல் இருந்தீர்களா?

நேற்று பிரபுவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்பனுக்குக் கேன்சருன்னு எங்கிட்டக்கூட ஏம்மா சொல்லுல?" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அழுதுவிட்டான். திங்கட்கிழமை சேலத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். வெறும் மூலமாக இருக்கக்கூடாதா என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிடுகிறேன்.

செல்விக்கு இன்று வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதனால்தான் இப்போதே பார்த்துவிட வேண்டும். நாளைக்கு முதல் பஸ்ஸில் வெள்ளக்கடைக்குப் போகிறேன். அவள் மாமியார் எதிரிலேயே நோயின் பேரைச் சொல்வேன். ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தவள் என்று திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். அவளைக் கையோடு டெஸ்டுக்குக் கூட்டிப்போவேன், உங்கள் மேல் சத்தியம். சம்பந்தம் கெட்டால் கெடட்டும், என் பெண் உயிரோடு இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உங்கள் பிள்ளைகளின் அம்மா