பிரிக்காத பிஸ்கட் டப்பா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். ரத்த வகை பொருந்துகிறது. ஆனால் என் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி உனக்கு வைக்க இப்போது முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு கொழுப்பாம். திரையில் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் துறைமுக கிரேன் கூண்டில் உட்கார்ந்து, இடது கைப் பக்கம் வறுவல் பொட்டலம், வலது கைப் பக்கம் குளிர்பானம் என்று வாழ்ந்தேனே, அது அத்தனையும் அங்கே படமாக இருந்தது. உன் ஈரல் கெட்டதில் உன் தப்பு எதுவும் இல்லை. என்னுடையது கெட்டது முழுக்க என் வாயால்.

"இது போகுமா டாக்டர்?" என்றேன்.

"வாயைக் கட்டினா போகும். ஆனா உங்க அக்காவுக்கு ரொம்ப நாள் இல்ல. ரெண்டு மாசம் பாக்கலாம்."

கட்டிவிட்டேன் அக்கா. நீ தைரியமாக இரு.

உன் மூட்டை

பிப்ரவரி 15

என் செல்ல மூட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். நீ வாயைக் கட்டுவதா? என் பேக்கரி திறந்த அன்று பெரிய கேக்கில் ஒரு மூலையைக் காணோம். எல்லாரும் எலி என்றார்கள். எந்த எலி என்று எனக்குத் தெரியாதா?

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு விழுந்த பல் இன்னும் முளைக்கவில்லை. உன் வயிற்றைக் கிழித்துத்தான் நான் பிழைக்க வேண்டுமா? காத்திருப்போர் வரிசையில் என் பெயர் இருக்கிறது. நீ பேசாமல் உன் வேலையைப் பார்.

வெண்ணெய் பிஸ்கட் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேக்கரிப் பெண்களை வைத்துச் சுட்டது. பட்டினி கிடந்து இளைத்துப் போயிருப்பாய், பாவம். ஒன்றிரண்டு தின்றால் குடி முழுகிப் போகாது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 10

அக்கா,

டப்பா வந்தது. மூடியைத் திறக்கும் முன்பே வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க, பாக்கவே பாவமா இருக்கு" என்றாள் என் பெண்டாட்டி. கையை நீட்டியும் விட்டேன். அப்போதுதான் உறைத்தது. மாவில் ஒரு சிட்டிகை சர்க்கரை கூடினாலே அந்தப் பெண்களை உண்டு இல்லை என்று ஆக்குகிற என் அக்கா, ஈரலில் கொழுப்பு என்று எழுதினவனுக்கு வெண்ணெய் பிஸ்கட் அனுப்புவாளா? அடிப்பாவி! நான் தோற்கட்டும் என்றுதானே அனுப்பினாய்?

டப்பாவைப் பிரிக்காமல் கிரேன் கூண்டுக்கே கொண்டுபோய்விட்டேன். வறுவல் பொட்டலம் இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. லிஃப்டில் போவதில்லை, படிதான். முதல் வாரம் பாதி வழியில் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து போர்மேன், "என்னப்பா, ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?" என்று கத்தினார். இப்போது அவ்வளவு மூச்சு வாங்குவதில்லை. மதியம் காய்கறி, பயறு, முட்டை. சாயங்காலம் நெருங்கினால் மட்டும் இடது கை தானாகப் பொட்டலத்தைத் தேடிப் போகிறது, டப்பாவில் இடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. அது பசியே இல்லை அக்கா, வெறும் கைப்பழக்கம். இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நாள் முழுக்க லாரி லாரியாக இரும்புப் பெட்டி தூக்குகிறவன். ஒரு பிஸ்கட்டைத் தூக்காமல் இருக்க மாட்டேனா?

உன் மூட்டை

மார்ச் 18

மூட்டை,

ஆமாம்டா, வேண்டுமென்றேதான் அனுப்பினேன். நீ தோற்றால் உன்னை வெட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கண் ரொம்ப மஞ்சளாகிவிட்டது. கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. உன்னை அந்த மேஜையில் படுக்க வைக்க அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் ஒரு பேக்கரிக்காரி என்ன செய்வாள்? பிஸ்கட்தான் சுடுவாள்.

அந்த டப்பாவைக் கடலில் எறிந்துவிடு.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா! அக்கா!

இன்று மறுபடியும் ஸ்கேன். படம் எடுக்கிற அம்மா விலாவில் கருவியை வைத்தவர், அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்துத் திரையைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "சார், இது நீங்கதானா?" என்று கேட்டு, பழைய படத்தையும் பக்கத்தில் கொண்டுவந்தார். வெள்ளையைக் காணோம். மழையில் நனைந்த சிமென்ட் தரை மாதிரி, கரும் சாம்பலாக, அப்படி ஒரு சுத்தம்!

"ஈரல் பழசை மனசுல வச்சுக்காது சார்" என்றார்.

வயிற்றில் தடவின பசை காயும்வரை எழுந்திருக்கத் தோன்றாமல் கிடந்தேன். வருஷக்கணக்காக எண்ணெயையும் சர்க்கரையையும் அதன் தலையில் கொட்டியிருக்கிறேன். ஒரு நாள் ஒரு வார்த்தை முனகவில்லை. கொட்டுவதை நான் நிறுத்தினேன், அவ்வளவுதான். மிச்சத்தை அதுவே கழுவிக்கொண்டது. எனக்குள் இப்படி ஒருவர் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறார், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அறையிலேயே கை கூப்பிவிட்டேன். யாரை என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

டாக்டர் சரி சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை. வெட்டிக் கொடுத்த மிச்சம் என்னிடம் திரும்ப வளருமாம். உன்னிடம் வைப்பதும் வளருமாம். நம்பவே முடியவில்லை. நீ மட்டும் மறுபடி மாட்டேன் என்றால், டப்பாவைத் திறந்து ஒரே மூச்சில் தீர்த்துவிடுவேன். வந்து படு.

உன் மூட்டை

ஜூலை 20

என் தங்கத்துக்கு,

சுகமாக இருக்கிறேன். கண் பழையபடி வெளுத்துவிட்டது. காலையில் பேக்கரிக்குப் போய் கொஞ்ச நேரம் எல்லாரையும் அதட்டிவிட்டு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனாயே, அந்த டப்பாவை இன்றுதான் திறந்தேன். வெண்ணெய் கெட்டு, சிக்கு நாற்றம் மூக்கைத் துளைத்தது. அப்படியும் எண்ணிப் பார்த்தேன், உன்னை நம்ப முடியுமா? ஒன்றுகூடக் குறையவில்லை. அடுப்புப் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

நேற்று எனக்கும் படம் எடுத்தார்கள். நீ தந்தபோது சின்னத் துண்டாக இருந்தது, இப்போது விலா ஓரம்வரை நிறைந்து கிடக்கிறது. "பிரமாதமா வளர்ந்திருக்கு" என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, தையல் போட்ட இடமெல்லாம் வலித்தது. போன இடத்திலும் குண்டாகிவிட்டாயே, தடியா! அந்த இடத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வெளியே இருக்கிற நீ இப்படியே இரு. படி ஏறு, பயறு தின்னு. உள்ளே இருக்கிற மூட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பெருத்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா