பத்து மீட்டரில் ஜாங்கிரி

மார்கழி 25, வெள்ளி

காலை 5.47-க்குப் புதுமடத்திலிருந்து மாமியார் போன் செய்தார். "மாப்பிள்ளை, ஜாங்கிரியக் காணோம். கேட்டு தொறந்து கெடக்கு. மலைப்பக்கம் போயிருச்சு போல."

மலை என்பது கடலோர மணல்மேடு. இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் உயரம் கிடையாது. என் மனைவி கவிதா தினமும் காலையில் தன் நாய் ஜாங்கிரியை அங்கேதான் கூட்டிப்போவாள். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து நாய் மாமியார் வீட்டில்தான். ஜாங்கிரி என்னை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனாலும் அதையும் தொலைக்க முடியாது. பைக்கை எடுத்தேன்.

அதன் கழுத்துப்பட்டையில் நானே செய்து மாட்டிய கருவி இருக்கிறது. போனில் தூரம் காட்டும், திசை காட்டாது. பனிமூட்டத்தில் நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "ஜாங்கிரி, ஜாங்கிரி" என்று கத்திக்கொண்டே நடந்தேன். பத்து மீட்டர் என்றது. ஓடினேன். பத்து மீட்டர். மேட்டை மூன்று முறை சுற்றியும் அதே பத்து மீட்டர். கருவி பழுது என்று முடிவுசெய்து, காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன்.

அடிவாரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர் என்னை நிறுத்தினார். "யாருப்பா, விடியுமுன்ன பலகாரம் விக்கிறது?"

"நாயத் தேடுறேண்ணே."

"ஏலே, ஒவ்வொரு சுத்துக்கும் என்னயத் தாண்டி நீ ஓடுற, பின்னாடியே அது ஓடுது. ரெண்டுல யாரு யாரத் தேடுறீக?"

திரும்பினேன். ஜாங்கிரி நின்று கடலைப் பார்த்தது.

மாமியார் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினேன். பின்னால் இருந்த ஜாங்கிரி இறங்கவில்லை. இப்போது என் வீட்டில், என் பாதத்தில் தலைவைத்துத் தூங்குகிறது. போன் சைபர் மீட்டர் என்கிறது. அணைத்துவிட்டேன்.