சட்டம் போட்ட படம்

சிராங்கூன் ரோடு, 12.3.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

மூன்று வருடம் உழைத்து நிறுவிய தேற்றத்தில் ஒரு வரி தவறென்று போன வாரம் நானே கண்டுபிடித்தேன். சின்ன ஓட்டைதான், எப்படி அடைத்தாலும் அடைபடவில்லை. அச்சிட்ட ஆய்விதழுக்கும் எழுதிவிட்டேன். வீட்டுக்கார அம்மா, இந்த ஊர்ப் பேச்சில், "சாப்பிட்டுட்டு யோசிங்க லா, கணக்கு எங்க ஓடிடப் போகுது" என்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. முடிந்தால் அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள்.

இன்னொன்று. 'கணிதத்தில் சாதித்த தமிழ்ப் பெண்' என்று பத்திரிகையில் வந்த என் படத்தை நடுவீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அதைக் கழற்றிவிடுங்கள். பங்குச் சாமியார் கேட்டால் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிறது. ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம், அப்பா.

உங்கள் மகள்,
உர்சுலா