சனி மோதிரமும் கடல் பாறையும்

வீராம்பட்டினத்து மகாராணி அஞ்சலாட்சிக்கு, இமயமலையை ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கும் உன் புருஷன் நாகராஜ் எழுதுவது. இங்கே டவர் இல்லை, அதனால்தான் கடிதம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் துளை போடும் இந்த மலை ஒரு காலத்தில் கடலடிச் சேறாம். சேற்றிலிருந்த இரும்புத் தூள் அந்தக் காலத்து வடக்கைப் பார்த்தபடியே இறுகிவிட்டதாம். அதைத்தான் எங்கள் குழுவின் விஞ்ஞானி பூர்ணிமா மேடம் ஆராய்கிறார். துளை எந்தத் திசையில் இருக்கிறது என்று காம்பஸ் பிடித்துச் சொல்வது என் வேலை. நேற்று மேடம் பக்கத்தில் நின்று பார்க்கும்போது முள் பம்பரமாய்ச் சுற்றியது.

"அண்ணே, கையில என்னாது?"

"சனிக்குப் போட்ட இரும்பு மோதிரம் மேடம். வூட்ல போட்டு வுட்டாங்க."

"ஐயோ, அப்ப இதுவரைக்கும் எடுத்த அளவெல்லாம் தப்பு!"

வேலை போச்சு என்றே நினைத்தேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் குதிரையாய் ஓடி மறுபடி அளந்தேன். மாலையில் மேடம் சிரித்துவிட்டார். "அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்" என்றார்.

கோவிக்காதே. இந்த உயரத்துக்குச் சனி பகவானே மூச்சு வாங்காமல் ஏற மாட்டார். விரல்தான் வெறிச்சென்று இருக்கிறது. செம்பில் ஒரு மோதிரம் வாங்கி அனுப்பு. அது முள்ளை இழுக்காது. கூடவே கொஞ்சம் கருவாடு. கடிதம் கொண்டுபோகும் ஜீப்காரர் ஆரன் அடிக்கிறார். மோதிரத்தை உடனே அனுப்பாதே. கொஞ்ச நாள் உன் கட்டைவிரலில் போட்டிருந்துவிட்டு அனுப்பு.

நாகராஜ்