கஞ்சனின் கணக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

கஞ்சன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வலது கை இப்போது டம்ளரைப் பிடிக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். கேட்டதும் மனசு கொஞ்சம் லேசானது. பேச்சு குழறுகிறது என்று நீங்கள் போனை வாங்குவதில்லை, அதனால்தான் கடிதம். வழக்கம்போல அக்கா வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

வெயில் தணிந்து, காற்றும் திசை மாறிவிட்டது. வலசைப் பறவைகள் ஏரியில் வந்து இறங்க வேண்டிய வாரம் இது. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் நாம் உட்காரும் பழைய குழாய் அப்படியே கிடக்கிறது. பதினாறு வருஷம் அதில் உட்கார்ந்து, நீங்கள் இடமிருந்தும் நான் வலமிருந்தும் எண்ணினோம். நோட்டில் அவரவர் கட்டத்தில் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் பார்ப்பதில்லை. பஸ்ஸில் தலை எண்ணிப் பழகிய கண்டக்டர் கண் உங்களுக்கு. என் எண்ணிக்கை எப்போதும் இருபது முப்பது குறைவாகவே வரும். “பறவையை எண்ணுறதுலகூடவா கஞ்சத்தனம்” என்று நீங்கள் வைத்த பெயர்தான் இப்போது பம்ப் ஹவுஸ் முழுக்க. மேலதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சுற்றி வளைத்தது போதும். போன வருஷம் கொசு உள்ளான் ஆயிரத்து இருநூறு வந்ததாக எழுதியிருந்தேன். உண்மையில் வந்தவை அறுபத்தொன்று. சாலைக்காக ஏரியில் பாதியை மண் கொட்டி மூடிய பிறகு, அந்தக் குட்டிப் பறவைகளுக்கு இரை பொறுக்கச் சேறு இல்லை. நீங்கள் அப்போதுதான் பக்கவாதம் வந்து மகன் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறீர்கள் என்று அக்கா அழுதாள். “நல்ல சேதியா நாலு எழுதுடா” என்றாள். எழுதினேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் தாராளமாக இருந்தேன்.

அன்று நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களாம். அதோடு நின்றிருக்கலாம். மகனிடம் சொல்லி அந்தக் கணக்கைப் பறவையாளர் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டீர்கள். “கஞ்சன் எண்ணினது. இதுக்கு மேலதான் இருக்கும், கீழ போகாது. நான் பொறுப்பு” என்று உங்கள் பெயரையும் போட்டிருந்தீர்கள். இது எனக்குத் தெரியவந்தது போன மாதம்தான். சாலை இன்ஜினியர் அந்தத் தாளை என் முன்னாலேயே நீட்டினார். “மண் கொட்டினப்புறமும் ஆயிரத்து இருநூறு வந்திருக்கே, பறவைக்கு என்ன குறைஞ்சுபோச்சு” என்றார். மீதிப் பாதியையும் மூட அனுமதி வாங்கிவிட்டார்களாம்.

உடனே சங்கத்துக்கு உண்மையை எழுதினேன். அவர்கள் நம்பவில்லை. ஏரியைக் காப்பாற்ற நான் இப்போது கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். பொறுப்பேற்றவர் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கினால்தான் அந்தக் கணக்கை நீக்குவார்களாம். தப்பு என்னுடையது, பெயர் கெடுவது உங்களுடையது. இப்படி ஒன்றைக் கேட்க எனக்கு முகமில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை லாரிகள் வந்துவிட்டன. நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அவை நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, பொய் சொல்ல மாட்டேன். இன்று காலை ஷிப்டுக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரே ஒரு கொசு உள்ளான். லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி ஓடியது. எத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்ததோ, இறங்க இவ்வளவுதான் இடம். இடமிருந்து எண்ணினேன், வலமிருந்தும் எண்ணினேன். என் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். உங்கள் கட்டத்தை நான் தொடவில்லை.

அத்தான், டம்ளர் பிடிக்கும் கை பேனாவும் பிடிக்கும். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. என்னைத் திட்டி ஒரு வரி, சங்கத்துக்கு ஒரு வரி, அது போதும். சாப்பாட்டை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

அக்கா, இதையெல்லாம் சத்தமாக வாசித்தாயா, நல்ல சேதியை மட்டும் பொறுக்கி வாசித்தாயா என்று எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்தியிருந்தால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் இந்த வாரம் அவர் எப்படியும் “எத்தனை?” என்று கேட்பார். அப்போது கூட்டிச் சொல்லாதே. ஒன்று என்று சொல்.

அவர் உடம்பு தேறி, நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
கஞ்சன்