வேலிக்குள் முந்நூறு மான்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீர்த்தேக்கத்தைச் சுற்றி வனத்துறைக்காரர்கள் வேலி போட்டுப் பதினான்கு மான்களை விட்டார்கள், எனக்குக் காவல் வேலை கிடைத்தது. அப்போது புல் இடுப்பளவு நிற்கும். வருடம் தவறாமல் குட்டி போட்டன, போட்டதெல்லாம் பிழைத்தது, எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இப்போது முந்நூறைத் தாண்டிவிட்டது. வேலி அதே இடத்தில்தான் இருக்கிறது, புல் வளரும் இடமும் அவ்வளவுதான். மான் தலை எட்டும் உயரம் வரை எந்த மரத்திலும் ஓர் இலை கிடையாது, கத்தரியால் நறுக்கிய மாதிரி ஒரே மட்டம். பட்டையைக்கூட உரித்துத் தின்கின்றன. தாய்களுக்குப் பால் சுரப்பதில்லை. போன மாதம் மட்டும் பதினொரு குட்டிகளைப் புதைத்தேன்.

இதில் என் தப்பும் இருக்கிறது. வருடம் ஒரு முறை ஆட்கள் வரிசையாகத் தட்டைத் தட்டிக்கொண்டு நடந்து, மான்களை ஒரு பக்கமாக ஓட்டி எண்ணுவோம், எழுதுகிறவன் நான். நூற்றிருபதைத் தாண்டினால் சுட்டுக் குறைப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஆறு வருடமாக நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினைந்து என்றே எழுதி வந்தேன். காப்பாற்றுகிறோம் என்று நினைத்தேன் பாப்பா. கோடைத் தீவனமும் அந்தக் கணக்குக்குத்தான் வந்தது. மனசு கேட்காமல் போன வாரம் ரேஞ்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "முன்னாடியே சொல்லியிருந்தா பாதியை வேற காட்டுக்கு மாத்தியிருக்கலாமே பெரியவரே, இப்ப இந்த உடம்போட வண்டியில ஏத்தினா வழியிலேயே செத்துடும்" என்றார். கதவைத் திறந்துவிடலாமா என்றேன். ஒரு பக்கம் பெரிய சாலை, மறுபக்கம் ஆலைகள், எங்கே போகும் என்று கேட்டார். கூடுதல் தீவனத்துக்கு எழுதியிருக்கிறார், ஆனால் அதைத் தின்று இன்னும் பெருகினால் அடுத்த கோடை இதைவிட மோசமாகும் என்றும் அவரே சொல்கிறார். போட்டாலும் பாவம், போடாவிட்டாலும் பாவம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குட்டி பிறந்திருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்கு ஓடிவந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். நேற்று அது தள்ளாடி எழுந்து தாயின் மடியை முட்டியபோது, இது ஏன் பிறந்தது என்றுதான் தோன்றியது. அப்படி நினைத்துவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மான்களைப் பற்றிக் கேட்காதே. அம்மா பக்கத்தில் இருப்பாள், நீ கேட்டால் நன்றாக இருக்கின்றன என்றுதான் என் வாய் சொல்லும்.

இப்படிக்கு,
உன் அப்பா