நாலாம் வகுப்பு மாடு

திங்கட்கிழமை, திண்டிவனம்.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. என் நாலாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைதோறும் தமிழில் ஒரு அசைன்மென்ட் கொடுப்பேன். போன வாரத் தலைப்பு, ‘எங்கள் வீட்டில் ஓர் உயிர்’. இன்று நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் வகுப்பு முழுக்க ஒரே மாடு. பெயர் லட்சுமி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைத் தின்று அடி வாங்கியிருக்கிறது. மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பிள்ளைகளிடமும் அதே மாடு!

எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தேன். ஓமந்தூரிலிருந்து வரும் கயல்விழிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“மிஸ், அது எங்க மாடு மிஸ்! நான்தான் எழுதினேன். எங்க அம்மா என் நோட்டை போட்டோ எடுத்து அம்மாங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. இப்ப எல்லாரும் எங்க லட்சுமியை ஓட்டிக்கினு போயிட்டாங்க!”

எனக்குச் சுருக்கென்றது. சொந்தமாக எழுதிய ஒருத்தியையும் சேர்த்தல்லவா நிற்க வைத்துவிட்டேன். அவளை உட்காரச் சொல்லி, மாட்டுக்குப் பக்கத்தில் பெரிய நட்சத்திரமாகப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த தலைப்புக்கு வெள்ளிவரை பொறுக்க முடியவில்லை. சாயங்காலமே அந்தக் குரூப்பில் என்னையும் சேர்க்கச் சொல்லி, அதில் போட்டுவிட்டேன்: ‘அம்மா என்னை எப்படித் திட்டுவார்?’ இதை எந்த அம்மா எழுதிக் கொடுக்கிறார் என்று பார்த்துவிடலாம்.

இப்போதுதான் கயல்விழியின் அம்மா பதில் போட்டிருக்கிறார்: “மிஸ், நான் புள்ளைய திட்டறதே இல்லீங்க.”

அதற்குக் கீழே மற்ற அம்மாக்கள் வரிசையாக அதையே, ஓர் எழுத்துகூட மாறாமல், போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.